கிறிஸ்துமஸ் பேய்க்கதையும் மாயவித்தையும்: ஒரு மதிப்பீடு

கிறிஸ்துமஸ் காலத்தில் பேய்க்கதை சொல்வது 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செழித்து வளர்ந்த ஒரு வழக்கமாகும். சீட்டுக்கட்டு, மணி, மெழுகுவத்தி, பழைய சாவி போன்ற பொருள்களைக் கையில் வைத்துக்கொண்டு, கதையின் நடுவே மாயவித்தை செய்துகாட்டிச் சொல்வது அதன் ஒரு கிளை. தமிழ்நாட்டிலும் பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் நடக்கும் கிறிஸ்துமஸ் விழாக்களில் மேஜிக் நிகழ்ச்சியும் கதையும் இடம்பெறுவதுண்டு. இவற்றைப் பொழுதுபோக்கு என்று கடந்துவிடுகிறோம். கலை என்று வைத்து மதிப்பிடுவதில்லை.

மதிப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். வித்தை எவ்வளவு கடினமானது, பேய் எவ்வளவு பயங்கரமானது என்பவை மட்டும் போதா. கேட்பவர் மனத்தில் எழுப்பிய பயத்தைக் கதைசொல்லி கடைசியில் என்ன செய்கிறார் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் அளவுகோல்.

குளிர்காலமும் பேய்க்கதையும்

டிசம்பர் கடைசியில் இலண்டனில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். நீண்ட இரவு, கடுங்குளிர், கணப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் குடும்பம் என எல்லாமே கதை கேட்பதற்கு ஏற்ற சூழல். இந்தப் பழைய பழக்கத்தை அச்சு இதழ்கள் பெரிதாக வளர்த்தன. சார்லஸ் டிக்கன்ஸ் 1850-இல் தொடங்கிய 'ஹவுஸ்ஹோல்டு வேர்ட்ஸ்', 1859-இல் தொடங்கிய 'ஆல் தி இயர் ரவுண்ட்' ஆகிய இதழ்கள் கிறிஸ்துமஸ் சிறப்பிதழ்களை வெளியிட்டன. அவருடைய புகழ்பெற்ற பேய்க்கதையான 'தி சிக்னல்மேன்' 1866-ஆம் ஆண்டுச் சிறப்பிதழில் வந்தது.

டிக்கன்ஸ் என்ற வித்தைக்காரர்

டிக்கன்ஸை நாவலாசிரியராக அறிந்த மாணவர்கள் பலருக்கு அவர் நல்ல மாயவித்தைக்காரர் என்பது தெரியாது. வித்தைப் பொருள்களை விலைக்கு வாங்கி, வீட்டு விழாக்களில் குழந்தைகளுக்குச் செய்துகாட்டினார். 'எ கிறிஸ்துமஸ் கரோல்' 1843 டிசம்பர் 19 அன்று வெளிவந்தது. அதே மாதம் நடிகர் மக்ரீடியின் வீட்டில் நடந்த பிறந்தநாள் விருந்தில், ஒருவருடைய தொப்பிக்குள் மாவையும் முட்டையையும் போட்டுச் சூடான புட்டிங் எடுத்துக் காட்டினார். அந்த விருந்துக்கு வந்திருந்த ஜேன் கார்லைல் அவருடைய திறமையை வியந்து கடிதம் எழுதியிருக்கிறார். பேய்க்கதையும் தொப்பி வித்தையும் ஒரே மாதத்தில் ஒரே மனிதரிடமிருந்து வந்தவை.

1849-இல் வைட் தீவிலுள்ள பான்சர்ச்சில் அவர் 'ரியா ராமா ரூஸ்' என்ற பெயரில் கீழைநாட்டு மந்திரவாதி வேடமிட்டு ஒரு நிகழ்ச்சி நடத்தினார். பார்வையாளர் எடுத்துக் கொடுத்த சீட்டுகள் பெட்டியிலிருந்து தாமாகத் துள்ளி வெளியே வரும் வித்தை அதில் ஒன்று. இந்தப் பெயரை நாம் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் இலண்டனில் வித்தை காட்டிவந்த ராமோ சாமி போன்றோரின் பெயர்களைக் கேலியாகத் திரித்து அமைத்த பெயர் இது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

ராமோ சாமி என்று ஆங்கிலேயர் எழுதியது நம்முடைய 'ராமசாமி'யைத்தான். வாள் விழுங்குவதும் பந்துகளைச் சுழற்றி எறிவதும் அவருடைய வித்தைகள். இந்திய வித்தைக்காரர்களின் ஆட்டத்தைப் பார்த்த வில்லியம் ஹாஸ்லிட் அதைப் பற்றி எழுதிய கட்டுரை ஆங்கில உரைநடையில் பெயர்பெற்றது. ஆனால் ராமசாமி 1850-இல் இலண்டனில் இறந்தபோது அடக்கம் செய்யப் பணமில்லை. அவருடைய மனைவி பொதுமக்களிடம் உதவி கேட்க நேர்ந்தது.

ஏழைக்கு இரங்காத முதலாளியின் மனத்தைத் திருப்பிய டிக்கன்ஸ், ஏழையான இந்திய வித்தைக்காரரின் பெயரைக் கேலி வேடமாக அணிந்துகொண்டார். இது அவருடைய மேதைமையைக் குறைப்பதில்லை. ஆனால் இக்கலையில் அடிக்கடி காணும் ஒரு பலவீனத்தை இது காட்டுகிறது. மர்மம் தேவைப்படும்போதெல்லாம் அயலாரின் உடையையும் மொழியையும் கடன் வாங்குவது சுலபமான வழி. அதில் அந்த அயலார் மனிதராகத் தெரிவதில்லை, பூச்சாண்டியாகவே தெரிகிறார்.

'கரோல்' கதையில் பொருள்களின் வேலை

வித்தைக்காரர் ஒரு பொருளை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்குக் 'கரோல்' ஒரு பாடநூல். முதலில் வருவது ஸ்க்ரூஜ் வீட்டுக் கதவைத் தட்டும் வளையம். அளவில் பெரியது என்பதைத் தவிர அதில் விசேஷம் எதுவும் இல்லை என்று ஆசிரியர் முன்னதாகவே சொல்லிவிடுகிறார். அதன் பிறகுதான் அதில் இறந்துபோன கூட்டாளி மார்லியின் முகம் தெரிகிறது. சீட்டுக்கட்டை விரித்துக் காட்டி, "சாதாரணக் கட்டுதான், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வித்தைக்காரர் சொல்வதும் இதே முறைதான். பொருள் சாதாரணமானது என்று மனம் ஒப்புக்கொண்ட பிறகே அதில் நடக்கும் மாற்றம் உறைக்கும்.

அடுத்து வருவது மார்லியின் சங்கிலி. அதில் பணப்பெட்டிகள், சாவிகள், பூட்டுகள், கணக்குப் பேரேடுகள் கோக்கப்பட்டிருக்கின்றன. உயிரோடு இருந்தபோது அவன் கட்டிக்காத்தவை செத்த பிறகு அவனைக் கட்டியிருக்கின்றன. வேறு எந்தச் சங்கிலியாக இருந்தாலும் சத்தம் மட்டும்தான் வரும். இந்தச் சங்கிலியில் அர்த்தமும் வருகிறது. மேடையில் பயன்படும் பொருளுக்கு இதைவிட நல்ல இலக்கணம் சொல்ல முடியாது. பொருள் பயமுறுத்தினால் மட்டும் போதாது; கதையின் பொருளையும் அது சுமக்க வேண்டும்.

மூன்றாவது, படுக்கைத் திரைச்சீலை. வரப்போகும் காலத்தின் ஆவி, ஸ்க்ரூஜ் இறந்த பிறகு அவனுடைய திரைச்சீலையைக்கூடத் திருடி விற்பதைக் காட்டுகிறது. காலையில் விழித்ததும் திரைச்சீலை அதே இடத்தில் தொங்குவதை அவன் தொட்டுப் பார்த்து மகிழ்கிறான். கிழித்த சீட்டை முழுதாக்கித் தரும் வித்தை போன்றது இது. இழந்ததாக நம்பிய ஒன்று கைக்குத் திரும்பி வருகிறது. ஆனால் இங்கே திரும்பி வருவது ஒரு வாழ்க்கை. பயந்தவனின் மூடிய கை திறப்பதில் கதை முடிகிறது.

டிக்கன்ஸ் 1853 டிசம்பர் 27 அன்று பர்மிங்காம் நகர மண்டபத்தில் இக்கதையைப் பொதுமக்கள் முன் வாசித்தார். மூன்று நாள் கழித்து உழைப்பாளிகளுக்காகக் குறைந்த கட்டணத்தில் மீண்டும் வாசித்தார். பிற்காலத்தில் தொழிலாகவே நடத்திய வாசிப்புகளிலும் மேடையில் இருந்தவை ஒரு மேசை, விளக்கு, புத்தகம், தாள் வெட்டும் கத்தி ஆகியவைதாம். இவ்வளவு எளிய பொருள்களே அந்தக் கதைக்குப் போதுமானவையாக இருந்தன.

பெப்பரின் பேய்

1862 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, இலண்டன் ராயல் பாலிடெக்னிக் நிறுவனத்தில் ஜான் ஹென்றி பெப்பர் ஒரு காட்சியை நடத்தினார். 1848-இல் டிக்கன்ஸ் எழுதிய 'தி ஹான்டட் மேன்' கதையை ஒட்டிய காட்சி அது. மேடையில் உயிருள்ள நடிகருக்குப் பக்கத்தில், ஊடுருவிப் பார்க்கக்கூடிய பேய் ஒன்று தோன்றி மறைந்தது.

இதன் செயல்முறை எளிமையானது. மேடையின் முன்பக்கம் பெரிய கண்ணாடித் தகடு ஒன்று சாய்வாக நிறுத்தப்பட்டிருக்கும். அரங்கு இருட்டாக இருப்பதால் அது பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாது. மேடைக்குக் கீழே மறைவிடத்தில் நிற்கும் நடிகர்மேல் வலுவான ஒளி பாய்ச்சினால் அவருடைய பிம்பம் கண்ணாடியில் பட்டு, மேடைமேல் நிற்பதுபோலத் தோன்றும். ஒளியைக் குறைத்தால் பேய் மறையும். இரவில் ஓடும் பேருந்தின் சன்னல் கண்ணாடியில் நம் முகம் வெளியே மிதப்பதுபோலத் தெரிவதும் இதே ஒளிப் பிரதிபலிப்புதான். இந்த அமைப்பை முதலில் உருவாக்கியவர் ஹென்றி டிர்க்ஸ். அதை மேடைக்கு ஏற்றதாக மாற்றியவர் பெப்பர். பேரும் புகழும் பெப்பருக்கே போயின.

பாலிடெக்னிக் அறிவியலைப் பொதுமக்களுக்குக் கற்பிக்கும் இடம். காட்சி முடிந்ததும் இரகசியத்தை விளக்கிவிடுவதே பெப்பரின் முதல் திட்டம் என்றும், பார்வையாளர்களின் வியப்பைக் கண்டு அதைத் தள்ளிப்போட்டார் என்றும் சொல்லப்படுகிறது. ஆசிரியராக இருந்தவர் அந்த இரவில் வித்தைக்காரராக மாறிவிட்டார் எனலாம்.

கலை நோக்கில் இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. 'தி ஹான்டட் மேன்' கதையில் ரெட்லா என்ற வேதியியல் ஆசிரியர் தம் துயர நினைவுகளை அழித்துவிடும்படி ஒரு பேயிடம் பேரம் பேசுகிறார். நினைவு அழிகிறது, அதோடு இரக்கமும் அழிகிறது. அவர் யாரைச் சந்தித்தாலும் அவர்களுக்கும் அந்த நோய் தொற்றுகிறது. பட்ட துன்பத்தை நினைவில் வைத்திருப்பவரே பிறரை மன்னிக்க முடியும் என்பது கதையின் சாரம். அந்தப் பேரத்தையும் அதன் விளைவையும் கண்ணாடியில் காட்ட முடியாது. தொழில்நுட்பம் எதைக் காட்ட முடியுமோ அதுவே கதையில் முக்கியமாகிவிட்டது. பெப்பரின் பேய் பெயர்பெற்று நின்றது. ரெட்லாவைப் பெரும்பாலோர் மறந்துவிட்டனர்.

ஒற்றை மெழுகுவத்தி

இதற்கு நேர் எதிரானவர் எம். ஆர். ஜேம்ஸ். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் நண்பர்களைக் கூட்டி, ஒரு மெழுகுவத்தியை மட்டும் விட்டுவிட்டு மற்ற விளக்குகளை அணைத்து, தாம் எழுதிய பேய்க்கதையை வாசிப்பார். 1904-இல் இக்கதைகளின் முதல் தொகுப்பு வந்தது.

1911-இல் வந்த இரண்டாம் தொகுப்பிலுள்ள 'காஸ்டிங் தி ரூன்ஸ்' கதை இக்கட்டுரைக்கு நேரடியாகத் தொடர்புடையது. அதில் கார்ஸ்வெல் என்ற தீய மனிதன், மந்திர எழுத்து எழுதிய ஒரு தாள் துண்டைத் தன் பகைவரின் காகிதங்களோடு சேர்த்து அவர் அறியாமல் கையில் கொடுத்துவிடுகிறான். அதைக் கொடுத்தவனிடமே திருப்பிச் சேர்க்காவிட்டால் சாவு. நாம் சொந்த விருப்பத்தில் எடுத்ததாக நினைக்கும் சீட்டை, உண்மையில் வித்தைக்காரரே நம் கையில் திணிப்பார் அல்லவா? அதே உத்தி இங்கே கதையாகியிருக்கிறது.

அதே கதையில் இன்னொரு செய்தியும் உண்டு. கார்ஸ்வெல் ஒரு குளிர்காலத்தில் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி, மாய விளக்குப் படக்காட்சி காட்டுகிறான். சாதாரணக் கதையில் தொடங்கிப் படிப்படியாகப் பயங்கரத்தைக் கூட்டி, பிள்ளைகள் அலறியடித்து ஓடும்வரை விடுவதில்லை. அவனுடைய தீய குணத்துக்கு ஜேம்ஸ் தரும் முதல் சான்றுகளில் இது ஒன்று. பேய்க்கதை எழுதிப் புகழ்பெற்றவரே, பிள்ளைகளைப் பயத்தில் விட்டுவிடுபவனைக் குற்றவாளியாக நிறுத்துகிறார்.

நம் ஊர்க் குறளி வித்தை

இக்கலை முழுவதும் இறக்குமதி என்று எண்ண வேண்டியதில்லை. நம் சந்தைகளிலும் தெருமுனைகளிலும் செப்படி வித்தையும் குறளி வித்தையும் நெடுங்காலம் நடந்துவந்தன. குறளி என்ற குட்டிப் பேய் தன் சொற்படி நடப்பதாக வித்தைக்காரர் சொல்வார். ஒரு பையனைப் படுக்கவைத்துத் துணியால் மூடிக் கேள்வி கேட்பார். அவன் கூட்டத்தில் நிற்பவர் சட்டைப்பையில் இருப்பதைச் சொல்வான். மண்டை ஓடு, எலும்பு, உடுக்கை, எலுமிச்சம்பழம் ஆகியவை அங்கே இருக்கும் பொருள்கள். சூழலை உருவாக்குவதிலும் கூட்டத்தைக் கட்டி நிறுத்துவதிலும் இவர்களை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் முடிவு எப்படி இருந்தது? பாதியில் நகர்பவர் இரத்தம் கக்குவார் என்று மிரட்டல் வரும். பிறகு தாயத்து விற்பனை. பயத்தை உண்டாக்கியவரே அதற்கு மருந்தையும் விற்கிறார். வயிற்றுப்பாட்டுக்காகச் செய்யும் அந்த மனிதரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் கலை என்று பார்த்தால், கேட்பவர் வரும்போது இருந்ததைவிடச் சிறியவராகி வீடு திரும்புகிறார்.

கொல்லிமலையும் பாவையும்

நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலைக்கு இத்தகைய கதை புதிதல்ல. சங்கப் பாடல்களில் கொல்லிப்பாவை பலமுறை வருகிறது. குறுந்தொகை 100-ஆம் பாடலில் கபிலர் வல்வில் ஓரியின் கொல்லிமலைப் பாவையைத் தலைவிக்கு உவமையாக்குகிறார். காற்று, மழை, இடி, நிலநடுக்கம் எதற்கும் அழியாத உருவம் என்று நற்றிணை 201-ஆம் பாடலில் பரணர் அதைச் சொல்கிறார். இப்பாடல்களில் முதன்மையாக இருப்பது அழகும் நிலைபேறும். பாவை சிரித்து மயக்கிக் கொல்லும் என்ற கதையே இன்று எல்லார் வாயிலும் நிலைத்துவிட்டது. ஒரே பாவையை ஒருவர் அழகுக்கு உவமையாக்கலாம், இன்னொருவர் கொலைகாரியாக்கலாம். பயத்தின் அளவைக் கதைசொல்லியே முடிவு செய்கிறார்.

இம்மலையில் மருத்துவமும் கல்வியும் செய்த ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் தம்பதியர் 1913 முதல் இங்கே வாழ்ந்தனர். தொழுநோய்க் கை அறுவை மருத்துவத்தில் பெயர்பெற்ற பால் பிராண்ட் அவர்களுடைய மகன், 1914-இல் பிறந்தவர். கிறிஸ்துமஸ் இம்மலைக்கும் பழகிய பண்டிகைதான். மார்கழி மூடுபனியும் சேர்ந்துகொண்டால் பேய்க்கதைக்கு வேறு ஏற்பாடு தேவையில்லை.

மலைப்பள்ளி ஒன்றில் நான் ஆசிரியராக இருந்தபோது, அரையாண்டுத் தேர்வு முடிந்த ஒரு டிசம்பர் மாலையில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கதை சொன்னேன். மூடுபனியில் வழிதவறி இறந்துபோன மிளகு வியாபாரி, தனக்கு வரவேண்டிய கடனைக் கேட்டு வீடு வீடாக வருகிறான். யாரிடம் இஸ்பேட் ராணி இருக்கிறதோ அவரே கடன்காரர். ஒரு சிறுமியைச் சீட்டு எடுக்கச் சொன்னேன். இஸ்பேட் ராணி வந்தது. அதைக் கட்டில் சேர்த்து மறையச் செய்து, அவளுடைய நோட்டைத் திறக்கச் சொன்னேன். உள்ளே இஸ்பேட் ராணி இருந்தது. வகுப்பு அலறியது, பிறகு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அதை நான் கவனிக்கவில்லை.

இரண்டு நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். கையில் மந்திரித்த கயிறு கட்டியிருந்தது. "வாத்தியாரே, புள்ள ரெண்டு ராத்திரியாத் தூங்கலீங்க" என்றார் அவளுடைய அப்பாயி. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

திண்ணையில் உட்கார்ந்து, ஒரே மாதிரியான இரண்டு இஸ்பேட் ராணிகளை எடுத்து வைத்தேன். ஒன்றை மதிய உணவு நேரத்திலேயே நோட்டுக்குள் வைத்ததையும், மற்றதை அவள் கைக்கு எப்படித் தள்ளினேன் என்பதையும் செய்துகாட்டினேன். வித்தையின் இரகசியத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது தொழில் விதி. பிள்ளையின் தூக்கத்தைவிட அந்த விதி பெரிதல்ல. அவள் இரண்டு சீட்டுகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் தெளிந்தது. பிறகு கேட்டாள்: "அப்ப அந்த மிளகு வியாபாரிக்குக் கடனை யாரு சார் குடுக்கறது?"

என்னிடம் பதில் இல்லை. வித்தை முடிந்த இடத்தில் நான் கதையையும் நிறுத்திவிட்டிருந்தேன். அவளைத் தூங்கவிடாமல் செய்தது சீட்டு மட்டுமல்ல, தீராமல் நின்ற அந்தக் கடனும்தான். அடுத்த ஆண்டு அதே கதையைச் சொன்னபோது, இறந்தவனுடைய பிள்ளைகளைத் தேடிப்போய் ஊரார் கடனைத் திருப்பிக் கொடுப்பதாக முடித்தேன். இஸ்பேட் ராணி கடைசியில் சீட்டுக்கட்டுக்கே திரும்பியது.

மதிப்பீடு

எழுப்பிய பயத்தைத் தீர்க்க நேர்மையான வழிகள் இரண்டு உள்ளன. இரகசியத்தை விளக்குவது ஒன்று. கதையை அதன் நியாயமான முடிவுக்குக் கொண்டுபோவது மற்றொன்று. டிக்கன்ஸ் 'கரோல்' கதையில் இரண்டாவதைச் செய்தார். அதனால்தான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் அது ஒவ்வொரு டிசம்பரிலும் வாசிக்கப்படுகிறது. பெப்பர் அந்த முதல் இரவில் இரண்டையும் செய்யவில்லை. குறளி வித்தைக்காரர் மூன்றாவதாக ஒரு வழியை, தாயத்தை, வைத்திருந்தார். நான் இரண்டு நாள் தாமதமாக முதல் வழியைச் செய்தேன்; ஓராண்டு தாமதமாக இரண்டாவதைச் செய்தேன்.

இன்று சீட்டுக்கட்டும் பழைய சாவியும் வைத்துக் கதைசொல்லும் இளைஞர்களின் கைத்திறன் என்னுடையதைவிடப் பலமடங்கு மேலானது. அவர்களுடைய நிகழ்ச்சிகளை மதிப்பிட விரும்பும் மாணவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். கையிலுள்ள பொருள், மார்லியின் சங்கிலிபோலக் கதையின் அர்த்தத்தைச் சுமக்கிறதா? மர்மத்துக்காக வேறு யாரையாவது பூச்சாண்டியாக்குகிறார்களா? விளக்கைப் போட்ட பிறகு, கூட்டத்தில் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையை அவர்கள் கவனிக்கிறார்களா?

மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால், வித்தையில் சிறு தடுமாற்றம் இருந்தாலும் அது நல்ல நிகழ்ச்சிதான்.